தகரக் குழாய் மேல் ஒரு சாலை

பாலங்களின் வரலாறு என்றாலே ரோமானியர்களின் கல் வளைவு, பிறகு இரும்பு, அப்புறம் கான்கிரீட் என்றுதான் புத்தகங்கள் போகும். சாலைக்கு அடியில் புதைந்து கிடக்கும் நெளிதகட்டுப் பாலங்களுக்கு அதில் அரைப் பக்கம் கிடைப்பதே அபூர்வம். எனக்குக் கொஞ்ச நாளாக இதே கேள்விதான்: சில மில்லிமீட்டர் தடிமனில் ஒரு எஃகுத் தகடு, அதன் மேல் மண், அதன் மேல் லாரி. எப்படித் தாங்குது?

தகட்டை நெளிப்பது பழைய சங்கதி. லண்டன் துறைமுகத்தில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பாமர் 1829-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஒரு தாளை விசிறி மாதிரி மடித்துப் பாருங்கள், எதற்காக நெளிக்கிறார்கள் என்று புரிந்துவிடும். ஆனால் அது கூரையாகத்தான் உலகம் சுற்றியது. அதையே குழாயாகச் சுருட்டி மண்ணுக்குள் வைத்தவர்கள் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், கிராஃபோர்ட்ஸ்வில் என்ற சிறிய ஊர்க்காரர்கள்: நகரப் பொறியாளர் ஸ்டான்லி சிம்ப்சன், தகர வேலை செய்த ஜேம்ஸ் வாட்சன். வருஷம் 1896. சாலைக்கு அடியில் வாய்க்கால் தண்ணீர் போக ஒரு கல்வெர்ட், அதுவும் எடை குறைவாக. அவ்வளவுதான்.

அது ஏன் நசுங்கவில்லை என்று கணக்குப் போட இன்னும் 45 வருஷம் ஆனது. (பொறியியலில் இது புதுசில்லை. முதலில் செய்துவிடுவார்கள், காரணம் மெதுவாக வந்து சேரும்.) அயோவாவில் ஆன்சன் மார்ஸ்டன், வயல் வடிகாலுக்காகப் புதைத்த குழாய்கள் விரிசல் விடுவதை ஆராய்ந்து, புதைந்த குழாய் மேல் எவ்வளவு மண்பாரம் விழும் என்ற கோட்பாட்டை 1913-ல் வெளியிட்டார். அவர் வழியில் வந்த மெர்லின் ஸ்பாங்க்ளர் 1941-ல் நெளிதகட்டுக் குழாய்க்குத் தனிச் சூத்திரம் தந்தார்.

விஷயம் இதுதான். மேலே பாரம் ஏறினால் குழாயின் உச்சி கொஞ்சம் இறங்கும், பக்கங்கள் வெளியே பிதுங்கும். பிதுங்கும் பக்கத்தை அங்கே இருக்கும் மண் திருப்பித் தள்ளும். இந்தத் தள்ளுமுள்ளில் தகடு சுற்றிலும் சீராக அழுந்தி நிற்கிறது. பாரத்தில் கணிசமான பகுதியைச் சுமப்பது மண்! தகடு வளைந்துகொடுப்பதுதான் அதன் பலம் என்று சொன்னால் முதலில் நம்ப முடியவில்லை. கணக்கு அதைத்தான் சொல்கிறது.

இன்று 'நிலைத்த கட்டுமானம்' என்று இதைப் பேசுவதற்கும் வேர் இங்கேதான். சுமக்கும் வேலையை மண் ஏற்றுக்கொள்வதால் எஃகு குறைவு. நெளிவு ஆழமான தகடுகள் வந்த பிறகு 20 மீட்டருக்கு மேலும் இடைவெளி தாண்டுகிறார்கள். சாலை மண் மேலேயே தொடர்வதால், மற்ற பாலங்களில் தேய்ந்துபோய்த் தொல்லை தரும் விரிவு இணைப்புகளும் தாங்கிகளும் கிடையாது. வளைவை மட்டும் நிறுத்தினால் ஓடையின் அடித்தரை அப்படியே இருக்கும், மீன் போகும். ஆயுள் முடிந்தால் எஃகை உருக்கிக்கொள்ளலாம்.

ஆனால் விற்பனைக் கையேடுகள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது எனக்குப் பிடிக்கவில்லை. மண்தான் பாலம் என்றால், மண் போனால் பாலமும் போச்சு. 2006 ஜூன் கடைசியில் நியூயார்க் மாநிலத்தில் பெருவெள்ளம். சிட்னி என்ற ஊருக்கு அருகே, இன்டர்ஸ்டேட் 88 நெடுஞ்சாலைக்கு அடியில் இருந்த பெரிய கல்வெர்ட்டோடு சாலைக்கரையே அடித்துப்போனது. அந்தப் பள்ளத்தில் விழுந்து இரண்டு லாரி ஓட்டுநர்கள் இறந்தார்கள்.

வெள்ளம் வராவிட்டாலும், குழாயின் அடித்தளத்தில் மணலும் தண்ணீரும் துத்தநாகப் பூச்சைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். துரு அங்கேதான் ஆரம்பிக்கும், மேலே தார்ச்சாலை பளபளப்பாகத்தான் தெரியும். கட்டும்போதும் இதே கதை. இரண்டு பக்கமும் மாறி மாறி, மெல்லிய அடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். ஒரு பக்கம் வேகமாக ஏறினால் குழாய் கோணிக்கொள்ளும். ஆக, சேமித்த எஃகுக்கு ஈடாக அங்கே ரோலர் ஓட்டுபவரின் பொறுமையையும், பின்னால் வருஷக்கணக்கில் டார்ச்சோடு உள்ளே குனிந்து போகும் பரிசோதகரையும் கேட்கிறது இந்தப் பாலம். அவர் முதலில் பார்ப்பது அடித்தளத் துருவை. அடுத்து குறுக்களவை எடுத்து, போன தடவை எடுத்ததோடு ஒப்பிடுவார்: வட்டம் இன்னும் வட்டமாகத்தான் இருக்கிறதா என்று.