பொன்னான நிமிடம்: பச்சிளங்குழந்தைக்கு மூச்சூட்டும் பயிற்சியின் வரலாறு

தாயின் வயிற்றில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரலில் நீர்மம் நிறைந்திருக்கும். பிறந்து அழும்போது அந்த இடத்தில் காற்று நிறைகிறது. 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 குழந்தைகளுக்கு இதற்குச் சிறிது உதவி தேவைப்படுகிறது. ஈரத்தைத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே அவர்களில் பலர் மூச்சுவிடத் தொடங்குவர். அப்படியும் மூச்சு வராவிட்டால், முகமூடி பொருத்திய ஆம்பு பையை அழுத்திக் காற்றைச் செலுத்த வேண்டும்.

அழுத்தி விட்டதும் தானாக விரியும் இந்தப் பை, டென்மார்க்கைச் சேர்ந்த மயக்க மருந்தியல் மருத்துவர் ஹென்னிங் ரூபனின் முயற்சியால் 1956-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அமெரிக்காவில் 1987-இல் பச்சிளங்குழந்தைகளுக்கு உயிர்ப்பு அளிப்பதற்கான முறையான பயிற்சித் திட்டம் தொடங்கப்பட்டது. ஆனால், வசதி குறைந்த ஊர்களில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு எளிய பயிற்சி ஒன்று தேவைப்பட்டது. இதற்காக அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், உலக சுகாதார நிறுவனம் உள்ளிட்ட அமைப்புகளுடன் சேர்ந்து 2010-இல் 'ஹெல்பிங் பேபீஸ் பிரீத்' என்ற திட்டத்தைத் தொடங்கியது.

பிறந்த 60 நொடிகளுக்குள் குழந்தை தானாக மூச்சுவிட வேண்டும், அல்லது அதற்குக் காற்றூட்டத் தொடங்க வேண்டும் என்பதே இதன் அடிப்படைப் பாடம். அந்த 60 நொடிகள் 'பொன்னான நிமிடம்' எனப்படுகின்றன. நார்வேயின் லேர்டால் நிறுவனம் உருவாக்கிய பொம்மையில் இப்பயிற்சி தரப்படுகிறது. தண்ணீர் நிரப்பினால் அந்தப் பொம்மை பிறந்த குழந்தையின் எடைக்கு வரும். பையைச் சரியாக அழுத்தினால் அதன் மார்பு உயரும்.

தான்சானியாவில் எட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2013-இல் வெளியானது. பயிற்சிக்குப் பின், பிறந்த 24 மணி நேரத்துக்குள் நிகழும் இறப்புகள் 47% குறைந்ததாக அது காட்டியது.

ஆயினும், அந்நாட்டின் வடபகுதியில் உள்ள ஹைடம் லூத்தரன் மருத்துவமனையின் அனுபவம் ஒரு குறையையும் வெளிப்படுத்தியது. ஒருநாள் பயிற்சி முடிந்து ஏழு மாதங்களுக்குப் பின்னும் ஊழியர்கள் பொம்மையில் நன்றாகவே செய்து காட்டினர். பிரசவ அறையில் உண்மையான குழந்தையைக் கவனிக்கும் முறையோ மாறவில்லை. எனவே 2011 முதல், பணியிடத்திலேயே வாரந்தோறும் சில நிமிடப் பயிற்சி தரப்பட்டது. அதன்பின், 1,000 பிறப்புகளுக்கு ஏறத்தாழ 11 ஆக இருந்த முதல் 24 மணி நேர இறப்பு 7 ஆகக் குறைந்தது.

மூச்சுவிடத் திணறும் குழந்தை நாள்தோறும் பிறப்பதில்லை. எனவே ஒருமுறை கற்ற கைப்பழக்கம் அடிக்கடி பழகாவிட்டால் மங்கிவிடும். 2016-இல் வந்த இத்திட்டத்தின் இரண்டாம் பதிப்பு, பணியிடத்தில் தொடர்ந்து பழகுவதைப் பயிற்சியின் பகுதியாகவே வலியுறுத்தியது.