தாந்தேயின் காப்பியமும் ஜப்பானியச் சித்திரக்கதையும்

செவிக்கென யாக்கப்பெற்ற காப்பியம் கண்ணுக்குரிய கட்டங்களுள் புகுங்கால் எதனைக் காக்கிறது, எதனை இழக்கிறது? இவ்வினாவுக்கு, இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் பெருநூல் ஜப்பானில் எடுத்த மறுபிறவி தக்க சான்றாகும்.

1302ஆம் ஆண்டில் புளோரன்சு நகரைவிட்டு நீக்கப்பட்ட தாந்தே, 1321இல் ரவென்னாவில் மறைவதற்குமுன் தம் காப்பியத்தை நிறைவுசெய்தார். நரகம், கழுவாய்மலை, துறக்கம் என்னும் முப்பெரும் பகுதிகள், 100 படலங்கள், 14,233 அடிகள். மூன்றடிச் செய்யுளின் நடு அடியில் உள்ள இயைபு, அடுத்த செய்யுளின் முதலடியிலும் மூன்றாமடியிலும் தொடரும். அந்தாதி பயின்ற தமிழர்க்கு இச்சங்கிலிப் பிணைப்பின் சுவை எளிதில் விளங்கும். மொழிபெயர்ப்பிலேயே நழுவிவிடும் இவ்வோசை, சித்திரத்தில் எங்ஙனம் நிற்கும்?

நிற்கவில்லை. ஆனால் வேறொன்று நின்றது. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் தோரே நரகப் பகுதிக்குத் தீட்டிய ஓவியங்களை 1861இல் தம் கைப்பொருள் செலவிட்டே வெளியிட்டார். பதிப்பாளர் தயங்கியதே காரணம். ஏனைய இரு பகுதிகள் 1868இல்தான் வந்தன. அவ்வோவியங்கள் அமைந்த நூலொன்றைச் சிறுவயதில் கண்டு நடுங்கியவர், 1945இல் வாஜிமா நகரில் பிறந்த கோ நாகாய். அந்நடுக்கம் அவரைவிட்டு நீங்கவேயில்லை. நரகத்தின் அடியில், பனிக்கட்டியில் மார்பளவு புதைந்து நிற்பவனாகத் தாந்தே பாடிய லூசிபரின் சாயல், 1971இல் நாகாய் வரைந்த 'மாவோ தாந்தே' என்னும் கதையில் இமயத்துப் பனியுள் உறைந்த அரக்கனாய் வெளிப்பட்டது. அரக்கனுக்குக் கவிஞரின் பெயரையே சூட்டியமை சற்றே துணிச்சல்தான்! இதழ் நின்றுபோகவே அக்கதை பாதியில் முறிந்தது. அதன் வித்திலிருந்து 1972இல் முளைத்ததே புகழ்மிக்க 'டெவில்மேன்'.

மூலக் காப்பியத்தையே சித்திரக்கதையாக்கும் பணி 1994, 1995ஆம் ஆண்டுகளில்தான் கைகூடியது. மோரி ஓகாய் வழங்கிய 'ஷின்கியோகு', அஃதாவது 'தெய்வப் பாடல்' என்னும் பெயரே நூலுக்கும் அமைந்தது. தோரேயின் மரச்செதுக்கு ஓவியங்களும் கறுப்பு வெள்ளை. ஜப்பானிய மங்காவும் கறுப்பு வெள்ளை. ஆதலின் பழைய ஓவியத்தின் பாறையும் இருளும் புதிய கட்டங்களுள் இயல்பாய்ப் பொருந்தின.

குறை வேறிடத்தில் உள்ளது. கவிஞர் மூன்று பகுதிகளையும் ஏறக்குறைய ஒத்த அளவினவாக யாத்தார். சித்திரக்கதையிலோ நரகமே பெரும்பங்கைக் கவர்ந்துகொள்கிறது. துறக்கம் விரைந்து கடக்கப்படுகிறது. வதைபடும் உடலுக்கு உருவம் உண்டு, தூரிகை தொடரும். துறக்கத்தில் தாந்தே காட்டுவதோ ஒளி. அதுவும், கண்டதைச் சொல்லத் தம் மொழி போதவில்லை என அவரே வருந்தும் ஒளி. அவ்வருத்தத்தைக் கவிதை பாடிவிடும். வெள்ளைத் தாளை வெறுமையாய் விடுவதன்றி ஓவியர்க்கு வழி யாது? ஆயினும் துறக்கத்தைச் சுருக்கிய குற்றத்தை நாகாய் ஒருவர்மீது சுமத்துதல் முறையன்று. நரகத்தை மட்டும் படித்து நூலை மூடிவைக்கும் வழக்கம் படிப்போரிடையே நெடுங்காலமாய் உள்ளதே!

1978இல் நாகாய் படைத்த இயந்திர வீரனின் கதை இத்தாலியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி அந்நாட்டுச் சிறார் உள்ளங்களைக் கவர்ந்தது. பின்னாளில் அவருடைய தாந்தே சித்திரக்கதையும் இத்தாலிய மொழியில் பெயர்க்கப்பெற்று, கவிஞரின் சொந்த மண்ணையே சென்றடைந்தது.