பதினோராயிரம் அடி யுத்தம்

கொடைக்கானல் குளிருக்கு ஆறு மணிக்கே கதவைச் சாத்திவிடுகிறோம். நேற்று பேரன் கம்ப்யூட்டரில் யுத்தப் படம் ஒன்று பார்த்துக்கொண்டிருந்தான். "தாத்தா, உங்க காலத்துல தமிழ்ல இந்த மாதிரி படம் உண்டா?" என்று கேட்டான். நான் பிறப்பதற்கு முன்பே உண்டு என்று சொல்லி, 'பர்மா ராணி' கதையைத் தொடங்கினேன்.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதமே குண்டு பயத்தில் சென்னையில் பாதிப் பேர் ஊரைக் காலி செய்தார்கள். அப்போது பிலிம் சுருள் முழுவதும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். கப்பல்களோ யுத்த வேலைக்குப் போய்விட்டன. எந்தப் படமும் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று சர்க்கார் உத்தரவு போட்டது. ஓடினால் இரண்டு மணி நேரம். பாட்டே பாதிப் படமாக இருந்த காலத்தில் இது எவ்வளவு பெரிய கத்திரி! பிறகு சுருளுக்கு லைசென்ஸும் வந்தது. யுத்த ஆதரவுப் படம் எடுத்துத் தரவேண்டிய நெருக்கடியும் கூடவே வந்தது.

அப்படி 1945இல் வந்தவைதான் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரத்தின் 'பர்மா ராணி', ஜெமினிக்காகக் கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'கண்ணம்மா என் காதலி', கே. சுப்ரமணியத்தின் 'மானசம்ரக்ஷணம்'. பர்மாவுக்குப் போய்ப் படமெடுக்க வழியில்லை. ஒரு ஷாட் கெட்டால் அளந்து கொடுத்த சுருளில் அவ்வளவும் வீண். 'பர்மா ராணி'யில் கே.எல்.வி. வசந்தா கதாநாயகி. ஜப்பானிய அதிகாரி வேஷத்தை முதலாளி சுந்தரமே போட்டுக்கொண்டார்!

சுப்ரமணியத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு சங்கடப்படும். 1939இல் 'தியாகபூமி' எடுத்து, அதைத் தடை செய்த அதே சர்க்காருக்காக அவர் யுத்தப் படம் எடுக்க நேர்ந்தது. ஸ்டூடியோவையும் அதை நம்பியிருந்த குடும்பங்களையும் யார் காப்பாற்றுவது? குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

என் பெரியப்பா ரங்கூனில் ஒரு கடையில் கணக்கெழுதியவர். 1942இல் காடும் மலையுமாக நடந்தே ஊர் வந்து சேர்ந்தார். வத்தலக்குண்டு பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸுக்கு அப்பா அவரை 'பர்மா ராணி' பார்க்கக் கூட்டிப்போனாராம். இடைவேளையிலேயே பெரியப்பா எழுந்துவிட்டார். வழியெல்லாம் பேச்சில்லை. வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது மட்டும், "நடந்து வந்த கூட்டத்தைக் காட்டவே இல்லையேடா தம்பி" என்றாராம்.

அந்த வருஷக் கடைசியில் டில்லி செங்கோட்டையில் ஐ.என்.ஏ. வழக்கு தொடங்கியது. மலேயாவிலும் பர்மாவிலும் இருந்த நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் நேதாஜியின் படையில் சேர்ந்திருந்தார்கள். படத்தில் வெள்ளைக்காரன் பக்கம் கைதட்டிய ஜனங்களே வெளியே வந்து 'ஜெய்ஹிந்த்' சொன்னார்கள்.

பேரனிடம் இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் இரவு ஒன்பதாகிவிட்டது. உங்கள் வீட்டிலும் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்கள் இருந்திருப்பார்கள். அவர்கள் சொன்னதை எழுதி வையுங்கள். அந்த 11,000 அடியில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.