வேலை தேடும் தந்தையர்: கட்டணமின்றிக் கிடைக்கும் உதவிகள்

வேலை வழிகாட்டுதல் என்றதும் கல்லூரி முடித்த இளைஞரையே நினைக்கிறோம். நாற்பதைத் தொட்டு வேலையிழந்த பட்டியல் சாதித் தந்தை கணக்கில் வருவதில்லை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் உள்ள வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் அவருக்கும் உரியதே. பதிவு, ஆலோசனை, தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் எதற்கும் கட்டணமில்லை. காசு கேட்கும் இடைத்தரகரை நம்ப வேண்டாம்.

பதிவை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்போடு பதிந்துவிட்டுக் கூலிக்குப் போனவர்கள் இதை மறந்துவிடுவதுண்டு. பதிவு அறுந்தால் மூப்பு போகும். வேலையற்றோர் உதவித்தொகையும் கைநழுவும். ஐந்தாண்டுத் தொடர் பதிவும், ரூ.72,000க்கு மிகாத ஆண்டுக் குடும்ப வருமானமும் இருப்பின், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் 45 வயதுவரை அதைக் கோரலாம்; பிறருக்கு வரம்பு 40. கல்வித்தகுதிக்கேற்ப மாதம் 200 முதல் 600 ரூபாய்தான். பேருந்துச் செலவுக்கே காணாது என்பது வேறு.

கையால் மலம் அள்ள நிர்ப்பந்திக்கப்பட்டவர்க்குச் சட்ட உரிமையே உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, அவருக்கோ குடும்பத்தில் வயதுவந்த ஒருவருக்கோ தொழிற்பயிற்சியும், பயிற்சிக்காலத்தில் மாதம் 3,000 ரூபாய்க்குக் குறையாத உதவித்தொகையும் தரப்பட வேண்டும். ஆனால் கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் வேண்டும். விடுபட்டவர், கணக்கெடுப்பு முடிந்த பின்னும் உள்ளாட்சி நிர்வாக அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம். 15 நாளில் விசாரிப்பது அவர் கடமை. விண்ணப்பம் எழுதித் தரும் மாணவர்கள், நகலில் தேதியிட்ட முத்திரையையும் கேட்டு வாங்கித் தர வேண்டும்.