கதவை மாற்றுங்கள், அலமாரியை விடுங்கள்

சென்னையின் பழைய அடுக்குமாடி வீடுகளில் சமையலறை அலமாரி அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. கெடுவது அதன் கதவுதான். தாத்தா, அப்பா வழியில் உளி பிடித்தவன் என்ற உரிமையில் இதைச் சொல்கிறேன். "எல்லாத்தையும் பேத்துப் போட்டுட்டு மாடுலர் கிச்சன் போட்டுடலாமா ஆசாரி?" என்று கேட்பவர்களிடம், அந்த அலமாரி எப்படி வந்தது என்றுதான் முதலில் சொல்வேன்.

தாத்தா காலத்துச் சமையலறையில் ஆசாரிக்குப் பெரிய வேலை இல்லை. சுவரில் மாடம், தலைக்கு மேல் பரண், உத்தரத்தில் உறி, மூலையில் அடுக்குப் பானை. பெண்கள் தரையில் உட்கார்ந்து சமைத்தார்கள். அரிவாள்மணைப் பலகையும் அஞ்சறைப் பெட்டியும் மரத்தில் இருக்கும். வசதியான வீட்டில் பால், தயிர் வைக்க ஒரு வலை அலமாரி. எறும்பு ஏறாமலிருக்க அதன் நாலு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்கும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கெல்லாம் வாசல் கதவுக்கும் தூணுக்கும் போனது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அந்த வரத்தும் அறுந்தது.

சமையலறைக்குள் எங்களை அழைத்து வந்தது நின்று சமைக்கும் மேடை. 1965இல் கொல்கத்தாவில் இந்தேன் எரிவாயு இணைப்பு தொடங்கியது. பிறகு படிப்படியாக நம் ஊர்களுக்கும் சிலிண்டர் வந்தது. மேடைக்குக் கீழே காலி இடம் கிடைத்தது. அதில் தட்டுகளாக அமைந்தது ஆந்திரத்துக் கடப்பைப் பகுதியின் கறுப்புச் சுண்ணாம்புக் கல். கடப்பா கல்லை ஈரம் உளுக்க வைக்காது; கரையான் அரிக்காது. கல்லின் முனைகளைச் சுவருக்குள் செருகிப் பூசிவிட்டு, முகப்பில் மரச்சட்டம் அடித்துக் கதவு மாட்டுவது அப்பா தலைமுறையின் வேலை. நீங்கள் பேர்க்க நினைப்பது பெரும்பாலும் அந்த வேலையைத்தான்.

முதலில் அந்தக் கதவுகள் முழு மரப் பலகை. எனாமல் பெயின்ட் அடிப்பார்கள். பிறகு ப்ளைவுட்டும் அதன்மேல் மைக்காவும் வந்தன. இந்த மைக்கா பிறந்த இடம் சமையலறை அல்ல. 1913இல் அமெரிக்காவின் சின்சினாட்டியில் ஓ'கானர், ஃபேபர் என்ற இரு பொறியாளர்கள் தொடங்கிய ஃபார்மைக்கா நிறுவனம், மின் கருவிகளில் காப்புப் பொருளாக இதை விற்றது. காகிதத்தைப் பிசினில் தோய்த்து, அடுக்கி, சூட்டில் அழுத்திச் செய்வது. மேல் தாளுக்கு மெலமின் பிசின் வந்த பிறகு நிறமும் பூவேலையும் சூட்டையும் கறையையும் தாங்கின; மைக்கா சமையலறைக்கு ஏற்றதாயிற்று.

ஒட்டும் பசையும் மாறியது. அப்பா சிறுவனாக இருந்தபோது பட்டறையில் வச்சிரப் பசையை அடுப்பில் காய்ச்ச வேண்டும்; நாற்றம் தெருவுக்கே வரும். 1959இல் ஃபெவிகால் வந்தது. காய்ச்சும் வேலை மெல்ல மெல்ல ஒழிந்தது.

அடுத்த திருப்பம் காட்டிலிருந்து வந்தது. நீலகிரி மாவட்டம் கூடலூர்க் காட்டில் மரம் வெட்டுவதை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் நாடெங்கும் காடழிப்பைக் கட்டுப்படுத்தியது. வடகிழக்கு மாநிலங்களின் மரம் வெளியே வருவது நின்றது. ப்ளைவுட் ஆலைகள் பாப்ளர், தைலமரம் போன்ற வளர்ப்பு மரங்களுக்குத் திரும்பின. கூடவே மரத்தூளையும் சிராயையும் அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டும் சந்தையில் பரவியது. குறைந்த விலை மாடுலர் பெட்டிகள் பல அதில்தான் செய்யப்படுகின்றன. தொட்டிக்குக் கீழே குழாய் கசிந்தால் அது ஊறிய ரஸ்க் போல உப்பும். உப்பினால் திருகு நிற்காது.

ஆகவே என் முறை இது. கதவை மட்டும் கழற்றி, சட்டத்தை உளி முனையால் குத்திப் பார்ப்பேன். உள்ளே போனால் கரையான். அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டுப்போடுவேன். குறுக்கு மூலைகள் இரண்டையும் அளந்து சட்டம் சதுரமா என்று பார்ப்பேன். பழைய பலகைக் கதவு நேராக இருந்தால் இழைத்து மெருகேற்றினாலே போதும். வளைந்திருந்தால் 19 மி.மீ. ப்ளைவுட்டில் புதுக்கதவு, வெளியே 1 மி.மீ. மைக்கா, உள்ளேயும் ஒரு மைக்கா. உள்பக்கம் ஒட்டாமல் காசு மிச்சம் பிடித்தால் கதவு ஒரு பக்கமாக வளையும். பல வீடுகளில் கதவு மூடாததற்கு இதுதான் காரணம். ஓரத்தை மூடாமல் விட்டால் ஈரம் அந்த வழியாகத்தான் ஏறும். கீலும் கைப்பிடியும் புதிதாகப் போட்டால் சமையலறையே புதிதாகிவிடும். சுவர் உடையாது, குப்பை சேராது, அடுப்பு நாள் கணக்கில் அணைந்து கிடக்காது.

உப்பிப்போன பார்ட்டிகிள் போர்டுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அதைத் தூக்கிப் போடுவதே சரி. ஆனால் கடப்பா கல்லும் வைரம் பாய்ந்த சட்டமும் உள்ள அலமாரியை உடைப்பது என் கண்ணுக்குப் பாவம். அதே தரத்தில் மீண்டும் செய்து வாங்க இன்று பெரும் பணம் வேண்டும். உடைக்கச் சொல்வதற்கு முன், ஒரே ஒரு கதவைக் கழற்றி உள்ளே பார்க்கும்படி உங்கள் ஆசாரியிடம் சொல்லுங்கள்.