அண்டா முதல் கெய்சர் வரை: ஓர் உப்புக் கதை

கார்த்திகைப் பனி இறங்கிவிட்டால் நம் சாத்தூரில் எலக்ட்ரீஷியனைப் பிடிப்பது குதிரைக் கொம்பு. "கெய்சர் சூடாகலை", "உள்ளே கடமுடன்னு சத்தம் கேக்குது", "சுவிட்சைப் போட்டா வீடே இருண்டு போகுது" என்று வீட்டுக்கு ஒரு புகார். பங்குனி தொடங்கி ஏழெட்டு மாதம் மாடித் தொட்டிக் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான் வரும் ஊர் இது. அத்தனை நாளும் சீந்துவாரில்லாமல் சுவரில் தொங்கிய கெய்சரைத் திடீரென்று ஒருநாள் தட்டி எழுப்பினால் அது முணுமுணுக்கத்தானே செய்யும்?

ஆனால் இந்த வியாதிகள் கெய்சரோடு வந்தவை அல்ல. வெந்நீர் போடும் பாத்திரம் மூன்று நான்கு முறை மாறிவிட்டது. அதைக் கெடுக்கும் ஆசாமி மட்டும் மாறவில்லை. அவர் பெயர் உப்பு.

முதலில் அண்டா. கொல்லைப்புறத்தில் மூன்று கல் அல்லது மண் அடுப்பு, அதன்மேல் அண்டா அல்லது தவலை. அடுப்பெரிக்க வேலிக்கருவை விறகு. நம் கரிசல் பூமியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பாகத்தான் இருக்கும். நாம் உப்பு என்று சொன்னாலும் பாத்திரத்தில் படிவது சமையல் உப்பு அல்ல. சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் தண்ணீரில் கரைந்து கிடக்கின்றன. தண்ணீர் சூடாகும்போது அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு கரைய வழியின்றி வெள்ளைப் படலமாக அடியில் ஒட்டிக்கொள்ளும். படலம் தடித்தால் சூடு தண்ணீருக்குள் ஏறாது, விறகு கூடுதலாகச் செலவாகும்.

அந்தக் காலத்துப் பெண்கள் இதற்கு ரசாயனம் படிக்கவில்லை. புளியைக் கரைத்து ஊறவைத்துத் தேய்த்தார்கள். புளியின் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்தது. இன்று மெக்கானிக் கெய்சரைக் கழற்றி எலுமிச்சை உப்புக் கரைசலில் எலிமெண்ட்டை ஊறவைக்கிறாரே, அதுவும் இதே வைத்தியம்தான். பெயரும் கூலியும்தான் வேறு.

அடுத்து வந்தது செம்பு பாய்லர். நடுவில் ஒரு குழாய், அதன் அடியில் சல்லடை, சுற்றிலும் தண்ணீர், பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய். குழாய்க்குள் அடுப்புக்கரியைப் போட்டால் நெருப்பு நடுவில் நின்று சுற்றியுள்ள தண்ணீரைச் சூடாக்கும். இதைப் பார்த்ததில்லை என்று சொல்லும் பேரப்பிள்ளைகளுக்கு டீக்கடை பாய்லரைக் காட்டுங்கள், அதே அமைப்பு. மராட்டியத்தில் இதைப் பம்ப் என்பார்கள். ரஷ்யாவின் டூலா நகரத்தார் 18-ம் நூற்றாண்டிலேயே பேர் வாங்கிய சமோவாரும் இதே ஜாதிதான்.

பாய்லருக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு: தண்ணீர் ஊற்றாமல் நெருப்புப் போடாதே. மீறினால் ஈயப்பற்று உருகி மூட்டு வாய் பிளந்துவிடும். கெய்சருக்கும் இதே சட்டம்தான். தொட்டி நிரம்பி, வெந்நீர்க் குழாயில் தண்ணீர் சீராக வந்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும்.

கெய்சர் என்ற பெயர் ஐஸ்லாந்திலிருந்து வந்தது. அங்கே பூமியிலிருந்து பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்று ஒன்றுக்கு கெய்சிர் என்று பெயர். லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் 1868-ல் எரிவாயுவால் உடனுக்குடன் வெந்நீர் தரும் கருவியைச் செய்து அந்தப் பெயரைச் சூட்டினார். அதில் புகை வெளியேற வழி இல்லை. நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்த்த எட்வின் ரூட் 1889-ல் தானாக இயங்கும் தொட்டி வகையைக் கொண்டுவந்தார். மாகன் கருவியின் பழைய ஆபத்து இன்னும் தீர்ந்தபாடில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கெய்சர் வைத்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை. குளிக்கப் போனவர் மயங்கி விழுந்த பிறகுதான் வீட்டாருக்குத் தெரியும். கேஸ் கெய்சரைக் குளியலறைக்கு வெளியே, புகை போக்க வழியோடு வைப்பதே முறை.

நம் தெற்குச் சீமைக்கு வருவோம். 1944-ல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. மின்சாரம் மெல்ல மெல்ல வீடுகளுக்குள் வந்து, விளக்கும் விசிறியும் பழகிய பிறகு, ஹீட்டர் ராடும் வந்து சேர்ந்தது. சல்லிசான சாமான்தான், ஆனால் எத்தனையோ உயிரைக் குடித்திருக்கிறது. எர்த் இல்லாத இரண்டு பின் பிளக், இரும்பு வாளி, சூடாகிவிட்டதா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கம் மூன்றும் சேர்ந்தால் எமனுக்கு அழைப்பிதழ் வேண்டாம். சுவிட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரைத் தொட வேண்டும்.

கடைசியாக இன்றைய மின் கெய்சர். அண்டாவின் அடி கண்ணுக்குத் தெரிந்தது. கெய்சரோ மூடிய பாத்திரம், உள்ளே என்ன படிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே அறிகுறிகளை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கடமுட சத்தம் கேட்டால், எலிமெண்ட் மேல் படிந்த உப்புக்கடியில் தண்ணீர் சிக்கிக் கொதிக்கிறது என்று பொருள். விறகடுப்பில் அந்தப் படலம் விறகைத் தின்றது. இங்கே எலிமெண்ட்டையே தின்னும். சூடு வெளியேற முடியாமல் உள்ளிருக்கும் கம்பி எரிந்துபோகும்.

சுவிட்சைப் போட்டதும் டிரிப் ஆனால், எலிமெண்ட்டின் உறை வெடித்துத் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கலாம். டிரிப்பரைக் கட்டிவைத்துவிட்டுக் குளிக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

நேரம் அதிகமாகிறதா? 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய ஒரு யூனிட் மின்சாரம் போதும். 2000 வாட் எலிமெண்ட்டுக்கு அது அரை மணி நேர வேலை. 230 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் அதுவே 50 நிமிடம் ஆகும். எலிமெண்ட்டை மாற்றும் முன் வோல்டேஜைப் பாருங்கள்.

வெந்நீர் மட்டும் துருநிறத்தில் வந்தால் தொட்டிக்குள் இருக்கும் மக்னீசியம் தண்டு கரைந்து தீர்ந்திருக்கலாம். இங்கிலாந்தின் ஹம்ப்ரி டேவி 1824-ல், கப்பலின் அடியில் போர்த்திய செம்புத் தகட்டோடு துத்தநாகத்தை இணைத்தால் துத்தநாகம் அரிபட்டுச் செம்பு தப்பிக்கும் என்று காட்டினார். மக்னீசியம் தண்டு அந்தக் கண்டுபிடிப்பின் வாரிசு. தொட்டிக்காகத் தன்னைக் கொடுத்துக்கொள்ளும் பிள்ளை அது. தீர்ந்ததும் மாற்றாவிட்டால் அடுத்த பலி தொட்டிதான்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது வால்வு. 25 லிட்டர் தண்ணீர் அந்த அளவுக்குச் சூடாகும்போது சுமார் 350 மில்லி விரியும். அந்த அழுத்தம் வெளியேறத்தான் சேஃப்டி வால்வு இருக்கிறது. சூடேறும்போது நாலு சொட்டு விழுவது இயற்கை. எந்நேரமும் ஒழுகினால் அதன் வாயில் உப்பு சிக்கியிருக்கிறது என்று பொருள். வால்வைக் கழுவலாம், புதிது மாற்றலாம், அடைக்க மட்டும் கூடாது. ஒழுகுகிறதே என்று அதற்கு மூடி போட்டுவிடும் வீடுகள் உண்டு. குக்கர் வெயிட்டைக் கம்பி வைத்து இறுக்கிக் கட்டிவிட்டு அடுப்பில் ஏற்றுவோமா? தெர்மோஸ்டாட்டும் மக்கர் செய்யும் அன்று, அடைத்த கெய்சர் வெடிக்கும். 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பின் தன் ஆவிப் பாத்திரத்துக்கு இந்த வால்வை வைத்ததே, பாத்திரம் வெடிக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

ஆகவே, ஐப்பசி பிறக்கும்போதே, பனிக்குக் காத்திராமல், விவரம் தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூப்பிடுங்கள். மெயினை அணைத்து, தண்ணீரை வடித்து, எலிமெண்ட், தண்டு, வால்வு, எர்த் நான்கையும் பார்க்கச் சொல்லுங்கள். சூட்டை 60 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள், சூடு கூடக் கூட உப்பு வேகமாகப் படியும். வடித்த தண்ணீரோடு சிப்பி சிப்பியாக வெள்ளைக் கட்டிகள் வந்து விழும். அதை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். உங்கள் ஆச்சி அண்டாவின் அடியில் புளி போட்டுத் தேய்த்ததும் இதைத்தான்.