திங்களும் சுவர்க்கோடும்



காஹாங்கில் நம் பிள்ளைகள் சீனப் பிள்ளைகளோடு வளர்கின்றனர். அவர்தம் கவிதையிலும் ஒரு பாலைத்திணை உண்டு. கி.பி. 756இல் கலகப்படையின் வசமான சாங்கான் நகரில் சிக்குண்ட து ஃபூ, நிலவைக் கண்டு தம் துயரைப் பாடவில்லை. தொலைவில் மனைவி அதே நிலவைத் தனித்துக் காண்பதையே பாடினார். அருகில், தந்தை இருக்கும் நகரை நினைக்கவும் அறியாத சிறு பிள்ளைகள்! அகநானூற்றுத் தலைவனும், சுவரில் கோடிட்டு நாள் எண்ணும் தலைவியையே எண்ணி வருந்துகிறான்.

ஓதல், பகை, தூது, காவல், பொருள் எனப் பிரிவுக்குத் தொல்காப்பியம் காரணம் கூறும். 1942–43இல் சப்பானியர் அமைத்த, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழரின் பிரிவு இவற்றுள் எதில் அடங்கும்? கூலியை நம்பிப் போனோர் உண்டு. பிடித்துச் செல்லப்பட்டோரும் உண்டு. சங்கத் தலைவன் திரும்பும் பருவத்தைச் சொல்லிச் செல்வான். இவர்களுக்குச் சொல்ல ஒரு பருவமும் இல்லை. பல்லாயிரவர் மீளவேயில்லை, வீட்டிலிருந்த பெண்கள் எதுவரை கோடிடுவர்?

பாலைத்திணை நடத்தும் வாரத்தில், அக்காலத்தில் தம் குடும்பத்திலிருந்து யார் போனார், யார் வந்தார் என்று மூத்தோரிடம் பிள்ளைகள் கேட்டு எழுதி வரட்டும்.